வலது பக்கத்து சீட்டு

கோலியனூர் கண்ணையன் வீட்டுக் கார் ஆறு வருஷமாகப் பெட்ரோல் குடிக்கவில்லை. மல்லாட்டைதான் தின்றது.

அறுவடை முடிந்ததும், விதைக்கென்று பொறுக்கி எடுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மூட்டை கட்டிப் பின் சீட்டில் அடுக்கிவிடுவாள் கண்ணையனின் மனைவி கிருஷ்ணவேணி. கண்ணாடியை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டால் மழை ஈரம் அண்டாது, கோழி கிளறாது. ஆடியில் திறந்தால் போட்டது போட்டபடி இருக்கும். ஊரில் வேறு யாரிடமும் கண்ணாடி வைத்த குதிர் கிடையாது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கேட்டால் கண்ணையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன சமயத்தில் வாங்கிய வண்டி அது. கப்பலேறும் அவசரத்தில் இருந்த ஒரு துரையிடமிருந்து, மல்லாட்டை நன்றாக விலை போன வருஷத்தில், கண்ணையனின் அப்பா கிருஷ்ணசாமி வாங்கி வந்தார். மூக்கு நீண்ட கறுப்பு வண்டி. கோலியனூர் கூட்டுரோட்டில் அது நின்றால், டீ ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் ஆட்கள் கிளாசும் கையுமாகச் சுற்றி வந்து பார்ப்பார்கள். ஒரே ஒரு சங்கடம். பிரெஞ்சு தேசத்து வழக்கப்படி அதற்கு ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது.

நம் ரோட்டில் வண்டிகள் போவது இடது ஓரம். ஓட்டுகிறவரும் இடது பக்கமே உட்கார்ந்தால், முன்னால் ஒரு வைக்கோல் வண்டி போகும்போது அவர் கண்ணுக்கு வைக்கோல்தான் தெரியும். எதிரே வருவது எருமையா, எக்ஸ்பிரஸ் பஸ்ஸா என்று தெரியாது. ஆகவே வலது சீட்டில் ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். அவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் முன்னால் போகிற வண்டியைத் தாண்டலாம்.

ஓட்டியவர் கண்ணையன். வலது சீட்டு தம்பி பாண்டுரங்கனுக்கு. விழுப்புரம் கடைத்தெருவுக்குப் போனாலும் திருவாமாத்தூர் கோயிலுக்குப் போனாலும் இரண்டு பேருக்கும் வழியெல்லாம் ஒரே பேச்சுதான்.

"பாண்டு, போலாமா?"

"இருங்கண்ணா. ஒரு சைக்கிள் வருது. தோ, இப்ப போலாம்."

கூட்டுரோட்டு டீக்கடையில் அண்ணனுக்கு 'போலாமா' என்றும் தம்பிக்கு 'போலாம்' என்றும் பெயரே வைத்துவிட்டார்கள். தங்கை அம்சவள்ளியைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தபோது, பின் சீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும், முன் சீட்டில் 'போலாமா'வும் 'போலா'மும் என்று ஊர்வலமாகப் போனதை அந்தத் தெருவில் வெகு நாள் பேசினார்கள்.

கிருஷ்ணசாமி காலமான மறு வருஷம் அது நடந்தது. விழுப்புரத்தில் உரம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது. களத்தில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு பார வண்டி. கண்ணையன் அன்றைக்குக் கேட்கவில்லை. தம்பி தலையை நீட்டுவதற்குள் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டார். எதிரே விருத்தாசலம் என்பவர் மாட்டு வண்டி ஓட்டி வந்தார். ஆட்களுக்கு அடி இல்லை. விருத்தாசலத்தின் மாட்டுக்குக் கால் முறிந்தது.

ஊர் கூடியது. கண்ணையன் மறுபேச்சு பேசாமல் தன் கொட்டிலில் இருந்து நல்ல மாடு ஒன்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டார். அதோடு முடிந்திருக்கும். கூட்டத்தில் ஒருவர், வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கண் இல்லையா என்று கேட்டார். பாண்டுரங்கன் எழுந்து, "நான் போலாம்னு சொல்லலீங்க. அண்ணன் கேக்கவும் இல்ல" என்றார். அவ்வளவுதான். பொய் ஒன்றுமில்லை. ஆனால் அத்தனை பேர் நடுவில் தம்பி வாயால் அதைக் கேட்டது கண்ணையனுக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த தை மாதத்துக்குள் பாகம் பிரிந்தது. வீட்டின் நடுவே சுவர் எழுந்தது. காரும் அது நின்ற கொட்டகையும் அண்ணனுக்கு. கொட்டகைக்கு முன்னால் இருந்த களம் தம்பிக்கு. தம்பி தன் களத்தில் வைக்கோல் போர் போட்டார். கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு போர் நின்றது. பக்கத்துப் படல் வழியாக ஆள் நுழையலாம், கார் வெளியே வர முடியாது. எடுத்துப் போடு என்று அண்ணன் சொல்லவில்லை. வண்டி எடுக்கப் போகிறாயா என்று தம்பி கேட்கவில்லை. வலது சீட்டுக்கு ஆள் இல்லாத வண்டியை எடுத்துக் கண்ணையன்தான் என்ன செய்வார்?

அறுபத்தொன்பதாம் வருஷம், பங்குனி வெயிலில் அம்சவள்ளி திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

அவளுடைய மூத்த பெண் பெரியவளாகிவிட்டாள். தாய்மாமன் வந்து, பெண் உட்காரப் பச்சை ஓலையில் குடிசை கட்டி, சீர் வைத்து, மஞ்சள் நீர் ஊற்ற வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்தாள். ஆனால் அண்ணன் வீட்டுப் படியும் ஏறவில்லை, சின்ன அண்ணன் வீட்டுப் படியும் ஏறவில்லை. படலைத் தள்ளிக்கொண்டு நேரே கொட்டகைக்குள் போனாள். காரின் பின் கதவைத் திறந்து மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாள்.

கிருஷ்ணவேணி செம்பில் மோர் கொண்டுவந்தாள். செய்தி கேட்டு, பாண்டுரங்கன் மனைவி ராஜாமணியும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு செம்பு கொண்டுவந்தாள். அம்சவள்ளி இரண்டையும் தொடவில்லை. அண்ணன்மார் இருவரும் ஆளுக்கொரு பக்கம் வந்து நின்றார்கள்.

தன் மகனுக்குக் காது குத்தியபோது நடந்ததை அவள் எடுத்துச் சொன்னாள். இரண்டு மாமனும் வெவ்வேறு பஸ்ஸில் வந்தார்கள். இரண்டு சீர்த்தட்டு. பிள்ளையை யார் மடியில் வைப்பது என்று தெரியாமல் ஆசாரி ஊசியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாத்தனார்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் தன் காதில் இருக்கிறது என்றாள்.

"ஒரே தட்டு. ஒரே வண்டி. அதுவும் அப்பா வண்டி. எந்த வண்டியில என்னை இட்டுக்கினு போய் விட்டீங்களோ அதுல ரெண்டு பேரும் வரணும். இல்லாங்காட்டி யாரும் வராதீங்க. எனுக்குக் கூடப் பொறந்தவங்க இல்லன்னு சொல்லி என் நாத்தனார் வூட்டுக்காரர் கையால ஓலை கட்டிக்கிறேன். அப்பால இந்த ஊர் மண்ண மிதிக்க மாட்டேன்."

"வண்டி செத்துப் போயி ஆறு வருஷம் ஆச்சும்மா" என்றார் கண்ணையன்.

"வண்டியா செத்துது?" என்று கேட்டுவிட்டு அம்சவள்ளி இறங்கினாள். புடவையில் ஒட்டியிருந்த மல்லாட்டைத் தொலியைத் தட்டிவிட்டுக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள். மோர்ச் செம்புகள் இரண்டும் காரின் படியிலேயே இருந்தன.

மறுநாள் விடியும்போது கொட்டகை வாசலில் வைக்கோல் போர் இல்லை. பாண்டுரங்கனும் பண்ணையில் வேலை பார்க்கும் பூமாலையும் போரைப் பிரித்துக் களத்தின் மறு கோடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணையன் வாயில் வேப்பங்குச்சியோடு வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு மெக்கானிக்கைக் கூட்டிவர விழுப்புரம் போனார்.

சவுரிராயன் என்ற அந்த மெக்கானிக் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் ஷெட்டில் வேலை பார்த்தவர். இப்போது விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தார். காக்கி நிக்கர், கழுத்தில் சிலுவை, வாய் நிறையப் பேச்சு. இந்த வண்டியைப் பெற்றவன் வேறொருவன், ஆனால் பிரசவம் பார்த்தவன் நான்தான் என்றார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்ததும் கொஞ்ச நேரம் அந்தப் பேச்சும் நின்றது.

"இன்னா சவுரி, பாத்துக்கினே கீறியே?" என்றார் கண்ணையன்.

"தூங்குதுங்க. குறட்டை வுடாம தூங்குது. எழுப்பிடலாம். ஆனா இதுக்குத் தமிழ் தெரியாது. பிரெஞ்சுல கூப்பிடணும்." எஞ்சினைத் தட்டி, "அலே, அலே" என்றார். கிளம்பு, கிளம்பு என்று அர்த்தமாம்.

வேலை ஆரம்பித்தது. கிருஷ்ணவேணி மூட்டைகளை வீட்டுக்குள் மாற்றினாள். எஞ்சின் இறுகிக் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றி ஊற விட்டார் சவுரிராயன். பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுக்கிறதை இதற்கும் கொடுக்கிறாரே என்றாள் கிருஷ்ணவேணி. பெட்ரோல் டாங்கைக் கழற்றிக் கூழாங்கல் போட்டுக் குலுக்கினார்கள். டீ மாதிரி துருத் தண்ணீர் வந்தது. பேட்டரியைச் சார்ஜ் போட பஸ்ஸில் விழுப்புரம் கொண்டுபோனார்கள். டயர்கள் வெடித்துப் போயிருந்தன. அளவுக்குக் கிட்டத்தட்ட வருகிற பழைய டயர்களைத் தேடிப் பிடித்து மாட்டினார்கள்.

சாப்பாடு இரண்டு வீட்டிலிருந்தும் வந்தது. காலையில் கிருஷ்ணவேணி கேப்பைக் கூழும் மல்லாட்டைத் துவையலும் கொடுப்பாள். அது இறங்குவதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராஜாமணி கருவாட்டுக் குழம்போடு சோறு கொடுத்தனுப்புவாள். சாப்பாட்டோடு சவுரிராயன் வழியாகச் சேதியும் வரும். பட்டுப் பாவாடையை எந்தக் கலரில் எடுக்கிறார்கள் என்று சும்மா விசாரித்து வரும்படி ராஜாமணி சொல்வாள். சீர்த்தட்டுக்குப் புட்டு இடிக்க ஒரு கை குறைகிறது என்று காற்றில் சொல்லும்படி கிருஷ்ணவேணி சொல்வாள். ஓரகத்திகள் இருவரும் மனசுக்குள் எப்போதோ சமாதானமாகிவிட்டார்கள். புருஷன்மாருக்காகப் பேசாமல் இருந்தார்கள். நடுவில் இரண்டு வீட்டுச் சோற்றையும் தின்ற சவுரிராயனுக்கு நிக்கர் பட்டன் அறுந்தது.

ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினால் கீழே சொட்டியது. சவுரிராயன் ஒரு கை மஞ்சள்தூள் கேட்டார். தண்ணீரில் கலந்து ஊற்றினால் தூள் போய்ச் சின்ன ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். அந்தக் காலத்து டிரைவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் அது.

கிருஷ்ணவேணி டப்பாவோடு கொண்டுவந்து கொடுத்தாள். "மொதல் மஞ்சத்தண்ணி இதுக்கா? நம்ம வூட்டு வண்டியும் வயசுக்கு வந்துடுச்சி, கம்முனு ஓலை கட்டிடுங்க" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் ராஜாமணி சிரித்தது கேட்டது. கண்ணையன்கூட மீசையைத் தடவிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து, வண்டியைத் தள்ளிக் களத்துக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணையன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். சவுரிராயன் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினார். எஞ்சின் 'பொக்' என்று ஒரு தரம் இருமி நின்றுவிட்டது. மறுபடி சுற்றினார். மறுபடி ஓர் இருமல். பிளக்கைத் துடைத்தார், கார்புரேட்டரை ஊதினார், பெட்ரோல் போட்ட பங்கைத் திட்டினார். வெயில் ஏறியது. பிரெஞ்சில் கெஞ்சினார். அதுவும் வேலைக்கு ஆகவில்லை. தள்ளித்தான் பார்க்க வேண்டும் என்றார்.

தள்ளுவதற்கு அவரும் பூமாலையும் தெருவில் போன இரண்டு பேரும்தான் இருந்தார்கள். வண்டி களத்து மண்ணில் நகர மறுத்தது. தன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பாண்டுரங்கன், வேட்டியை மடித்துக் கட்டியபடி இறங்கி வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. வண்டியின் பின்னால் நடுவில் தோளைக் கொடுத்தார்.

வண்டி ஓடத் தொடங்கியது. கண்ணையன் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டார்.

துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம். கொல்லை மரங்களில் இருந்த காக்காய் முழுவதும் எழும்பியது. சைலன்சர் குழாயிலிருந்து கரும்புகையோடு மல்லாட்டை சிதறியது. தொலியும் பருப்புமாக, கருகியதும் கருகாததுமாக, உழக்குக் கணக்கில் வந்து கொட்டியது. ஆறு வருஷமாக எலிகள் வண்டித் தரை ஓட்டையில் நுழைந்து, யாருக்கும் தெரியாமல் மூட்டையைக் கடித்து எடுத்துப் போய்ச் சேர்த்து வைத்த களஞ்சியம் அந்தக் குழாய். மூச்சுவிட வழி இல்லாமல்தான் எஞ்சின் இத்தனை நேரம் இருமியிருக்கிறது. இப்போது அது தங்கு தடையின்றி உறுமியது. களம் முழுக்க வறுத்த மல்லாட்டை வாசனை.

எல்லாரும் பின்னால் பார்த்தார்கள். பாண்டுரங்கன் அப்படியே நின்றுகொண்டிருந்தார். முகம், மார்பு, வேட்டி எல்லாம் கரி. தலைமுடியில் மல்லாட்டைத் தொலி. ஒரு பருப்பை எடுத்து ஊதி வாயில் போட்டு மென்றார்.

"பதமா வறுத்துக்கீது" என்றார்.

கண்ணாடியில் இதைப் பார்த்த கண்ணையனின் தோள்கள் குலுங்கின. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. சிரித்து முடித்ததும் முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டார்.

வண்டி எழுந்துவிட்டது. கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஓலை கட்டுகிற நாளைக்கு முந்தின நாள் சாயங்காலம், ஒரு தரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று கண்ணையன் எடுத்தார். வலது சீட்டில் சவுரிராயன். நாளைக்கும் அவர்தான் அங்கே உட்காருவது, தம்பி பின்னால் பெண்களோடு உட்காருவது என்று கண்ணையன் மனசுக்குள் ஏற்பாடு. கூட்டுரோடு தாண்டியதும் முன்னால் ஒரு சவுக்குக்கட்டை வண்டி. சவுரிராயன் உட்கார்ந்ததிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். துரை எப்படிக் குடிப்பார், துரைசாணி எப்படித் திட்டுவாள் என்பதெல்லாம் வந்தது. போலாமா என்று கண்ணையன் கேட்டதற்கு, பேச்சுவாக்கில், ரோட்டைப் பார்க்காமல் அவரையே பார்த்தபடி, "போங்க போங்க" என்றார். ஒடித்ததும் எதிரே புதுச்சேரியிலிருந்து வரும் பஸ்ஸின் முகம் வானம் மாதிரி நின்றது. எப்படித் திருப்பினார், எப்படிப் பிரேக் போட்டார் என்று கண்ணையனுக்கே தெரியாது. வண்டி புளியமரத்தடி மண்ணில் ஏறி நின்றது. பஸ் டிரைவர் நிறுத்தாமலே அவர் பரம்பரையை விசாரித்துக்கொண்டு போனார்.

நடக்கிற வேகத்தில் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தார் கண்ணையன். சாவியை மாடத்தில் வைத்தார்.

"வண்டி ஓடுது, வேணி. என்னாலதான் ஓட்ட முடியாது. தட்டை எடுத்துக்கினு நீ பஸ்ல போ."

"பஸ்ல போனா அவ வூட்டுக்குள்ள சேக்க மாட்டா."

"எனுக்குக் கை நடுங்குதுடி" என்று கையை நீட்டிக் காட்டினார்.

கிருஷ்ணவேணி நேரே சுவர் ஓரமாகப் போய், ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, கொழுந்தனைப் பெயர் சொல்லாமல் உரக்கக் கூப்பிட்டாள்.

"சின்னவரே. உங்கண்ணன் வண்டிய எடுக்க மாட்டேங்கறாரு. அந்த மெக்கானிக்குக்கு வாய்தான் இருக்குது, கண்ணு இல்ல. பஸ்ஸுல உட்டு எடுத்துக்கினு வந்துருப்பான். நாளைக்கு அம்சா வாசல்ல நின்னுக்கினு இருப்பா. இன்னா சொல்றீங்க?"

அந்தப் பக்கம் மாட்டுக்குத் தீனி போடும் சத்தம் நின்றது.

"நான் வந்து குந்தறேன், அண்ணி. வலது பக்கமே குந்தறேன். ஆனா நானா வாயத் தொறக்க மாட்டேன். அன்னைக்குக் கேக்காம போனவரு அவரு. அவரு வாயால கேட்டாத்தான் சொல்லுவேன்."

அந்த வார்த்தை சுவர் தாண்டி வந்து கண்ணையன் காதிலும் விழுந்தது. அவர் விடியற்காலை எழுந்து வண்டியைத் துடைத்தார்.

எல்லாரும் ஏறினார்கள். பின்னால் ஓரகத்திகள் இருவர், நடுவில் மடிமேல் ஒரே சீர்த்தட்டு. புட்டும் வளையலும் பூவும் பட்டுப் பாவாடையும் அதில் குவிந்திருந்தன. பாண்டுரங்கன் சலவை வேட்டியோடு வந்து வலது கதவைத் திறந்து உட்கார்ந்தார். பச்சை ஓலைக் கட்டு வண்டியின் மேலே. பழைய வாசனையும் புது வாசனையுமாக வண்டி கிளம்பியது. குழாயில் மிச்சமிருந்த மல்லாட்டை பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஒன்றிரண்டாக விழுந்தது. விழுப்புரம் வரை ரோடு காலி. ஊருக்குள் எல்லாரும் மெதுவாகத்தான் போனார்கள், தாண்ட வேண்டிய தேவை வரவில்லை. விழுப்புரம் கடந்து, புளியமரங்கள் இரண்டு பக்கமும் கைகோத்த திண்டிவனம் ரோட்டில் ஏறிய பிறகு, விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார்கள்.

முன்னால் மில்லுக்குப் போகும் மல்லாட்டை வண்டி. மூட்டைகள் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தன. கண்ணையன் வேகத்தைக் குறைத்தார். பாண்டுரங்கன் கழுத்தை நீட்டி முன்னால் பார்த்தார். பார்த்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டார். கண்ணையன் தாண்டவில்லை.

மாடு நடக்கிற வேகத்தில் கார் போனது. ஒரு மைல் போனது. இன்னும் கொஞ்ச தூரம் போனது. வெயில் ஏற ஏறத் தட்டில் இருந்த பூ வாடத் தொடங்கியது.

"ஏங்க, முன்னால ரோடு காலியாத்தான் இருக்கும்போலக் கீது" என்றாள் கிருஷ்ணவேணி.

"அதைப் பாக்கறவங்கதான் சொல்லணும்" என்றார் கண்ணையன்.

"கேக்கறவங்களுக்குத்தான் சொல்ல முடியும்" என்றார் பாண்டுரங்கன்.

ராஜாமணி பெருமூச்சு விட்டாள். "இப்படியே போனா நாம போய்ச் சேர்றதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குக் கண்ணாலமே ஆயிடும்க்கா. சீரை அதுக்கு வெச்சிக்கலாம்."

வண்டிக்காரர் மூட்டைமேல் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை. "ஏன் சாமி, என் மூட்டைக்குக் காவல் வர்றீங்களா? மில்லுவரைக்கும் வருவீங்களா?" என்று கேட்டார்.

அப்போதுதான் காரின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. மெதுவாக ஊர்ந்து ஊர்ந்து எஞ்சின் கொதித்துவிட்டது. மூடியின் ஓரத்தில் மஞ்சள் தண்ணீர் நுரைத்து வழிந்து கண்ணாடியில் தெறித்தது. இன்னும் கொஞ்சம் இப்படிப் போனால் எஞ்சின் நின்றுவிடும். நின்றால் இந்த ரோட்டில் எழுப்ப ஆள் கிடையாது. ஓலை கட்டும் நேரத்துக்கு அம்சவள்ளி வாசலில் நின்று தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் நாத்தனார் புருஷன் புது வேட்டியில் தயாராக நிற்பார்.

கண்ணையன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார்.

"பாண்டு."

பாண்டுரங்கன் திரும்பவில்லை. முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலாமா?"

பாண்டுரங்கன் உடனே தலையை வெளியே நீட்டினார். இடுப்புவரை நீட்டினார்.

"இருங்கண்ணா. லாரி ஒண்ணு வருது."

லாரி காற்றை அள்ளி வீசிக்கொண்டு போனது.

"இப்போ?"

"இருங்க. அதுக்குப் பின்னால ஒரு சைக்கிள். கூடை வெச்சிக்கினு வர்றான், அவசரம் வேணாம்." ஒரு நிமிஷம். "தோ, இப்ப போலாம்."

கண்ணையன் அவசரப்படவில்லை. "நல்லா பாத்தியா?"

"பாத்தேண்ணா. போங்க."

வண்டி வலது பக்கம் விலகி, மூட்டைகளைத் தாண்டி, மாடுகளைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. காற்று உள்ளே புகுந்தது. எஞ்சின் ஆறியது. பின்னால் ராஜாமணி மூக்கை உறிஞ்சினாள். கிருஷ்ணவேணி வெளியே புளியமரத்தை எண்ணுகிறவள் போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விக்கிரவாண்டியில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். செம்பை வாங்கி ஊற்றியது பாண்டுரங்கன். மூடியைத் திருகிக்கொண்டிருந்த கண்ணையன், மூடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னைக்கு நான் கேக்கல."

"தெரியும்ண்ணா."

"நீ ஊருக்கு முன்னால சொன்னது நெசம்தான். நெசமா இருந்ததாலதான் எரிஞ்சிது."

"வூட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம் நான்" என்றார் பாண்டுரங்கன். "கூட்டத்துல எழுந்திருக்காம."

செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை ஒருவர் கை நீட்ட ஒருவர் ஊற்றினார்.

திண்டிவனத்தில் அம்சவள்ளியின் தெருவுக்குள் வண்டி நுழைந்தபோது அதன் மூக்கிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. வாசல் கோலத்தின்மேலும் சொட்டியது. மாமன் வண்டியே மஞ்சத்தண்ணி ஊத்திக்கினு வருதே என்று யாரோ சொன்னார்கள். நாத்தனார்கள் இந்தத் தடவையும் சிரித்தார்கள். அம்சவள்ளியும் சேர்ந்து சிரித்தாள். இடது கதவிலிருந்து ஓர் அண்ணன், வலது கதவிலிருந்து ஓர் அண்ணன். அவள் நடுவில் போய் நின்று, கொதிக்கிற வண்டியின் மூக்கில் கையை வைத்து, சூடு பொறுக்காமல் எடுத்தாள். பிறகு உள்ளே ஓடி ஒரே செம்பில் மோர் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் அதிலிருந்தே குடித்தார்கள்.

ஓலையை ஒருவர் பிடிக்க ஒருவர் கட்டினார்.

சாயங்காலம் வெயில் தணிந்ததும் கிளம்பினார்கள். பெண்கள் இருவரும் பின்னால் தோளோடு தோள் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். திண்டிவனம் தாண்டியதும் ரோடு நெடுகப் புளியமரத்து நிழல் நீளமாக விழுந்து கிடந்தது. முன்னால் ஒரு மாட்டு வண்டி இல்லை, ஒரு சைக்கிள் இல்லை, ஒரு ஆடுகூட இல்லை. கண்ணையன் கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு கேட்டார்.

"பாண்டு, போலாமா?"

பாண்டுரங்கன் தலையை வெளியே நீட்டிக் காலி ரோட்டைக் கோடிவரை நன்றாகப் பார்த்தார்.

"போலாம்ண்ணா."